உனக்கு அடுத்த நம்பர்

"பிரமையா இருக்கும்" என்று ஜலஜாவிடம் சொல்லிப் பாருங்கள். அவளுடைய சொந்த மைத்துனர் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து அவரோடு பேச்சு கிடையாது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவள் போகவில்லை.

ஏனென்றால் நடந்தது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. சாட்சிக்கு ஒரு தெருவே இருந்தது.

"பயந்துதான் போனேன், இல்லேங்கல. ஆனா பயத்தைவிடக் கோபம்தான் ஜாஸ்தி," என்பாள் ஜலஜா. இன்றைக்குச் சொல்லும்போதும் அவள் குரல் நடுங்கும். அந்த நடுக்கம் பயத்தினால் வருவதில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். ஜலஜா கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவன் சங்கரனுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கணக்கர் வேலை. ஒரே பெண் மதுவந்தி, ஒன்பது வயது. மயிலாப்பூரில் அவர்கள் குடியிருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்றதும், அடையாற்றில் படகுத்துறைத் தெருவுக்கு வாடகைக்கு வந்தார்கள். கீழ்த்தளம். ஆச்சரியமாக வாடகை குறைவு. தெருக்கோடியில் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் குப்பம். அதற்கப்புறம் ஆறு.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரு நலச்சங்கத்தின் செயலாளர் பத்ரிநாராயணன் வந்துவிட்டார். ஏதோ பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்ச்சாரியில் மாடி வீடு.

"போன வருஷம் வெள்ளம் வந்தது, கேள்விப்பட்டிருப்பேள். இந்த வருஷம் யாரும் ஏமாந்து போகப்படாது. உங்காத்து போன் நம்பரைக் குடுங்கோ, சேத்துக்கறேன்."

ஏற்பாடு சுலபமானது. மேலே ஏரிப் பக்கத்து அலுவலகத்தில் பத்ரிநாராயணனுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மதகைத் திறந்தால் அவர் இவருக்கு போன் செய்வார். இவர் முதல் வீட்டுக்குச் செய்வார். முதல் வீடு இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டுக்கு... இப்படியே தெரு முழுக்கச் செய்தி போய்விடும்.

"உங்களுக்கு மாடியில இருக்கற சுயம்புலிங்கம் பண்ணுவார். நீங்க யாருக்கும் பண்ண வேண்டாம். நீங்கதான் கடைசி."

"கீழ்த்தளத்துக்குத்தானே மாமா முதல்ல தண்ணி வரும்? மாடியில இருக்கறவாளுக்கு முதல்லயும் எங்களுக்குக் கடைசியிலயுமா சொல்லுவா?"

"சொந்த வீட்டுக்காரா முதல்ல, வாடகைக்காரா அப்புறம். சங்கத்து ரூல்."

"யார் போட்ட ரூல்?"

"கமிட்டி போட்டது."

ஜலஜாவுக்குக் காது சூடாகிவிட்டது. தண்ணீருக்குத் தெரியுமா யார் சொந்தம், யார் வாடகை என்று? சங்கரன் பின்னாலிருந்து, வேண்டாம் என்று ஜாடை காட்டினான். அவள் விடவில்லை.

"சரி, மதிலுக்கு அந்தண்டை இருக்கறவாளுக்கு யார் சொல்லுவா?"

அதுவரை எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்ன மனிதர், நோட்டை மூடினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். எழுந்தார்.

"அவாளுக்கு ஏது போன்?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை பெய்தது. அன்று மாலை ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். சுயம்புலிங்கம் மாடியிலிருந்து போன் செய்தார். "சும்மா டெஸ்ட்தான் டீச்சர். சரியா கேக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஜலஜா அடுப்படிக்குப் போயிருப்பாள். போன் மறுபடி அடித்தது. மதுவந்தி எடுத்தாள்.

"யாருடி?"

"யாரோ ஒரு அக்கா. எனக்கு ஏன் பண்ணலேன்னு கேட்டா."

"யாருக்கு?"

"தெரியலம்மா. அடுத்தது நான்தானேன்னா. வெச்சுட்டா."

ராங் நம்பர் என்று நினைத்தாள் ஜலஜா. அந்தக் காலத்தில் மழை பெய்தால் லைன்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். யாரோ யாரோடோ பேசுவது காதில் விழும். அது சகஜம்.

ஐந்தாறு நாள் கழித்து மீண்டும் மழை. மீண்டும் ஒரு சோதனை. சுயம்புலிங்கம் வைத்த கையோடு போன் அடித்தது. இந்த முறை ஜலஜாவே எடுத்தாள்.

பேச்சில்லை. ஒரு சத்தம் மட்டும். வாய் குறுகிய குடத்தில் தண்ணீர் நிரம்பும்போது வருமே... அந்தச் சத்தம். களக்... களக்... களக்...

"ஹலோ? யார் வேணும்?"

சத்தம் நின்றது. யாரோ காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது. பிறகு லைன் போய்விட்டது.

மறுநாள் படிக்கட்டில் சுயம்புலிங்கத்தைப் பார்த்தாள். தனியாக வாழும் மனிதர், ஒருவர் வம்புக்கும் போகாதவர். விஷயத்தைச் சொன்னாள். குடையை விரித்துக்கொண்டிருந்தவர் கை பாதியில் நின்றது.

"மழை நேரத்துல ரெண்டாவதா வர்ற போனை எடுக்காதீங்க, டீச்சர்."

"ஏன்?"

"எடுக்காதீங்க. பாப்பாவையும் எடுக்க விடாதீங்க."

குடையைச் சரியாக விரிக்காமலே மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ஐப்பசி நடுவில் மழை வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் விடாத மழை. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். நாலாம் நாள் மத்தியானமே வானம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கரண்ட் போய்விட்டது. ஜலஜா அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தாள். சங்கரன் ஈக்காட்டுத்தாங்கலில் மாட்டிக்கொண்டிருந்தான். பஸ் ஓடவில்லை.

மூன்று பத்துக்கு போன் அடித்தது. சுயம்புலிங்கம்.

"டீச்சர், ஏரியைத் திறந்துட்டாங்களாம். இது டெஸ்ட் இல்ல. சாயங்காலத்துக்குள்ள இங்க வந்துரும். பாப்பாவைக் கூட்டிட்டு மேல என் வீட்டுக்கு வந்துருங்க."

"இதோ வரேன்."

வைத்துவிட்டாள். சர்ட்டிபிகேட்டுகளைப் பையில் போட்டாள். மதுவந்தியின் புத்தகங்களைப் பரணில் ஏற்றினாள். அரிசி டின்னைத் தூக்கப் போனாள்.

போன் அடித்தது.

சுயம்புலிங்கம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் சங்கரனாக இருந்தால்? வழியில் எங்காவது நின்று பேசுகிறானோ என்னவோ.

எடுத்தாள்.

"எனுக்கு ஏன் போன் பண்ல?"

இளம் பெண்ணின் குரல். கெஞ்சலில்லை. அதட்டல்.

"யார் பேசறது?"

"உனுக்கு அட்த்த நம்பர் என்துதான். பேரு குட்த்துகீறேன்."

"எனக்கு அடுத்து யாருமில்லையேம்மா. நாங்கதான் கடைசின்னு சொன்னாரே."

"கீறேன்."

"பேரு?"

"காவேரி. குப்பத்து பூத்து காவேரி. நம்பர் எயுதிக்கோ."

எழுதக் காகிதம் தேடவில்லை ஜலஜா. கையில் கிடைத்த சாக்பீஸால் சுவரிலேயே எழுதினாள். ஒவ்வோர் எண்ணாக, நிதானமாக, தப்பு வரக்கூடாது என்பது போல் அந்தக் குரல் சொன்னது. கடைசி எண்ணைச் சொன்னதும் லைன் அறுந்தது.

ஜலஜா அந்த நிமிஷம் பயப்படவில்லை. கொதித்தாள். மதிலுக்கு அப்பால் ஒரு டெலிபோன் பூத் இருந்திருக்கிறது. அந்தப் பெண் பேரும் கொடுத்திருக்கிறாள். "அவாளுக்கு ஏது போன்" என்று அந்த மனிதர் வாய் கூசாமல் சொன்னாரே! வாடகைக்காரி என்று தன்னைக் கடைசியில் தள்ளியவர், இன்னொருத்தியை அடியோடு விட்டுவிட்டாரா?

பத்ரிநாராயணனுக்கு டயல் செய்தாள்.

"மாமா, எனக்கப்புறம் ஒருத்தி பேர் குடுத்திருக்காளாமே? குப்பத்துல பூத் வெச்சிருக்காளாம். அவளுக்கு யார் சொல்றா?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"மாமா?"

"யார் சொன்னா உனக்கு?"

"அவளேதான் போன் பண்ணிச் சொல்றா. காவேரின்னு."

"போனை வை."

"என்னது?"

"போனை வைடீம்மா... வை..."

டொக்கென்று வைத்துவிட்டார்.

ஜலஜாவுக்குக் கண் சிவந்துவிட்டது. நீர் சொல்லாவிட்டால் போமய்யா, நான் சொல்கிறேன். சுவரைப் பார்த்து அந்த நம்பரை டயல் செய்தாள்.

மணி அடித்தது. ரொம்ப தூரத்தில் அடிப்பது போல.

எடுத்தார்கள்.

ஹலோ இல்லை. மழைச் சத்தம். வெளியே பெய்யும் மழையல்ல... தகரத்தின் மேல் பெய்யும் மழை. தகரத்துக்கு உள்ளே இருந்து கேட்கும் மழை.

"காவேரி, தண்ணி வந்துண்டிருக்கு! எல்லாரையும் கூட்டிண்டு கிளம்பு!"

"இன்னும் போன் வர்ல மாமா..."

அவள் யாரிடமோ பேசுகிறாள். தன்னிடமில்லை.

"நான்தான் போன் பண்றேன்! கேக்கறதா?"

"நீ போ மாமா... போன் வந்துரும்... வந்தா சொல்லணும்ல..."

"காவேரி!"

களக்.

"இன்னும் வர்ல..."

களக்... களக்...

"வர்ல..."

களக்களக்களக்...

நின்றது.

ஜலஜா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். காது ஈரமாக இருந்தது.

துடைத்தாள்.

விரலை முகர்ந்தாள்.

ஆற்றுச் சேறு.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பார்கள். ஆனால் ஜலஜாவுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

மதுவந்தியை இழுத்துக்கொண்டு போய் மாடியில் சுயம்புலிங்கத்திடம் விட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடினாள். மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. அதன் வழியே நுழைந்தாள்.

"ஏரியைத் திறந்துட்டா! தண்ணி வரது! எல்லாரும் வெளில வாங்கோ!"

குடிசைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு முதியவர் படகை மேட்டில் கட்டிக்கொண்டிருந்தார். லாசர் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

"யாரும்மா நீ? யாரு சொன்னது?"

"போன் வந்தது. நெஜம்தான். தயவுபண்ணிக் கிளம்புங்கோ."

போன் என்ற வார்த்தையைக் கேட்டதும் லாசர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் மேலே கேட்கவில்லை. "ஏ, எந்திரிங்கடா! கெயவி கட்டையெல்லாம் தூக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

எண்பது பேருக்கு மேல் இருப்பார்கள். மதில் இடைவெளியில் ஒவ்வொருவராக நுழைந்து தெருவுக்குள் வந்தார்கள். அத்தனை பேரும் ஏறி நிற்க ஒரே உயரமான இடம் சங்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடிதான். அதன் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவி பத்ரிநாராயணனிடம்.

ஜலஜா அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"மாமா! சாவியைக் குடுங்கோ!"

ஜன்னல் திறந்தது. "என்ன இது, இத்தனை கும்பல்? கமிட்டியைக் கேக்காம..."

"கமிட்டியா?" ஜலஜாவின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு போனது. "கைக்குழந்தையோட நிக்கறா, கண்ணைத் திறந்து பாருங்கோ! சாவியைப் போடறேளா, இல்ல கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கட்டுமா?"

தெருவில் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவிக்கொத்து மேலிருந்து வந்து சேற்றில் விழுந்தது.

இருட்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். குடிசைகளின் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. ஜலஜாவின் வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர்.

ஓர் உயிரும் போகவில்லை. லாசர் இரண்டு முறை தலைகளை எண்ணிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜலஜாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கூட்டத்தில் தேடிக்கொண்டே வந்தாள். தார்ப்பாய்க்குக் கீழே மீன்காரக் குப்பம்மா ஒரு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"காவேரி எங்கே? வந்துட்டாளோன்னோ?"

துவட்டிய கை நின்றது.

"எந்த காவேரி?"

"பூத் வெச்சிருக்காளே, அவதான். அவளுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். எடுத்தா. ஆனா சரியாப் பேசலை."

குப்பம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லாசரைப் பார்த்தாள். லாசர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எடுத்துச்சா?" என்று கேட்டார். "இன்னா சொல்ச்சி?"

"இன்னும் போன் வரலைன்னு சொன்னா. மாமா மாமான்னு யாரையோ கூப்பிட்டா."

லாசர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. குப்பம்மாதான் சொன்னாள்.

"என் தங்கச்சி பொண்ணும்மா அது. ஒரு காலு போலியோ. அதுக்காவ கெவுருமெண்டுல பூத்து குட்த்தாங்கோ. ஆத்தோரம் மஞ்ச பொட்டி. போன வருசம் உங்க சங்கத்துல போன் வரும்னு சொன்னாங்கன்னு, கட்டைய ஊனிக்கினு போய் பேரு குட்த்துட்டு வந்திச்சி. குப்பத்துக்கே அது ஒரு போன்தானே. 'இனிமே பயம் இல்ல பெரிம்மா, தண்ணி வந்தா எனுக்கு போன் வரும், நான் எல்லாருக்கும் சொல்வேன்'னு அத்தினி சந்தோசம் அதுக்கு."

"அப்புறம்?"

"வர்லயே. தண்ணி காலாண்ட வந்துச்சி, அப்பவும் வர்ல. நாங்கல்லாம் ஓட்றோம். இவுரு போய் கூப்ட்டாரு. 'நீ போ மாமா, பேரு குட்த்துகீறேன்ல, வந்துரும், அந்தாண்ட கீறவங்களுக்கு யாரு சொல்றது'ன்னுச்சி."

லாசர் துண்டை எடுத்தார். "தூக்கிக்கினு வந்துர்க்கலாம்மா நானு. ஒரு நிமிசந்தான். பொட்டியோட போய்ட்ச்சி. ரெண்டு நாள் கயிச்சி மொகத்துவாரத்துல கெட்ச்சா. ரிசீவரை வுடல. கைய பிரிச்சிதான் எடுத்தோம்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜலஜா நின்றாள். கீழே கறுப்பாக ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். காதில் இன்னும் ஈரம் இருப்பது போலிருந்தது.

மழை விட்ட மறுநாள் சங்கத்துக் கமிட்டி கூடியது. சேற்றுப் புடவையோடு ஜலஜா உள்ளே போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"காவேரி பேர் குடுத்தாளா இல்லையா?"

பத்ரிநாராயணன் கண்ணாடியைத் துடைத்தார். "குடுத்தா. பூத், கடை நம்பரையெல்லாம் சேக்கப்படாதுன்னு கமிட்டியில அபிப்பிராயம். அதனால எடுத்துட்டோம்."

"எடுத்ததை அவகிட்ட சொன்னேளா?"

அவர் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். பேரை எடுத்துட்டோம், உனக்கு போன் வராது, நீ பாட்டுக்கு ஓடிப் பிழைச்சுக்கோன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னேளா?"

"சொல்லலை," என்றார். ரொம்ப மெல்லச் சொன்னார். "அவ எதிர்பார்த்துண்டு உக்காந்திருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

ஜலஜாவின் கை மேஜையிலிருந்த பித்தளைத் தம்ளருக்குப் போனது. எடுத்து வீசியிருப்பாள். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து சுயம்புலிங்கம் எழுந்தார்.

"முழுசையும் சொல்லிருவோம் சார். அவங்களுக்குத் தெரியணும்."

அவர் சொன்னார். காவேரி போன பிறகு, ஒவ்வொரு மழைக்கும் அந்த போன் வந்திருக்கிறது. கடைசியாக இருக்கும் நம்பருக்கு. முதலில் கடைசி நம்பர் அவருடையது. எடுத்தார். கேட்டார். ஒரு வாரம் ஜுரத்தில் கிடந்தார். தன்னை முன்னால் தள்ளிவிடும்படி கமிட்டியின் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கீழ்த்தளத்துக்கு வந்த வாடகைக்காரர்கள் கடைசி ஆனார்கள். ஒரு குடும்பம் ஒரே மாதத்தில் காலி செய்தது. இன்னொரு குடும்பம் முன்பணத்தைக்கூடத் திருப்பி வாங்காமல் போனது.

"எல்லாருக்கும் தெரியும், டீச்சர். கடைசியில ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் உங்களைப் போட்டாங்க. நானும் பேசாம இருந்தேன்."

ஜலஜா அந்த அறையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. சொந்த வீட்டுக்காரர் முதலில், வாடகைக்காரர் பிறகு என்ற ரூலின் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"என் குழந்தை எடுத்தா அந்த போனை," என்றாள். "ஒம்போது வயசுக் குழந்தை. நீங்க எல்லாரும் மாடியில உக்காந்துண்டு, எங்காத்துல மணி அடிக்கறதைக் கேட்டுண்டு இருந்தேள்."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது என்று சுயம்புலிங்கம் பிற்பாடு சொன்னார்.

"இனிமே எனக்கு அடுத்த நம்பர் உங்களோடது, மாமா. செய்தி உங்ககிட்ட ஆரம்பிக்கட்டும், உங்ககிட்டயே வந்து முடியட்டும். நானே உங்களுக்கு போன் பண்றேன். அப்புறம் வர்ற போனை நீங்களே எடுத்துப் பதில் சொல்லுங்கோ."

பத்ரிநாராயணனின் முகத்தில் ரத்தம் இல்லை. கமிட்டியில் ஒருவர்கூட அவருக்காக வாய் திறக்கவில்லை.

சங்கரன் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்றான். "ஏன் போகணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள். குப்பத்துக்காரர்கள் இனி யார் போனையும் நம்புவதாக இல்லை. லாசர் ஆற்று வளைவில் முறை போட்டு ஆள் நிறுத்தினார். தண்ணீர் ஏறினால் தகரத்தைத் தட்ட வேண்டும்.

பத்ரிநாராயணன் வீட்டுப் பக்கம் ஜலஜா முகத்தைத் திருப்பக்கூட இல்லை. அவர் இருக்கிறாரா, இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. ஒருநாள் காலை, பத்து மணிக்கு மேல் இருக்கும். போன் அடித்தது.

"டீச்சர், திறந்துட்டாங்க," என்றார் சுயம்புலிங்கம்.

வைத்தாள். உடனே பத்ரிநாராயணன் நம்பரை டயல் செய்தாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

மணி அடித்தது. இரண்டு முறை.

எடுத்தார்கள்.

"மாமா, ஜலஜா பேசறேன். ஏரியைத் திறந்துட்டா."

பதிலில்லை.

"கேக்கறதா?"

மழை.

தகரத்தின் மேல் மழை.

வைத்துவிடு, வைத்துவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது.

அவள் வைக்கவில்லை.

வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்வது போல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"காவேரி. தண்ணி வரது. போன் வந்துடுத்து. இதுதான் அந்த போன். நீ கிளம்பு."

மழைச் சத்தம் மட்டும்...

நின்றது.

சட்டென்று. கதவைச் சாத்தினாற்போல.

அப்புறம் அந்தக் குரல். ரொம்பப் பக்கத்தில். காதுக்குள்ளேயே.

"இவ்ளோ நேரமா?"

அப்படியொரு கோபத்தை ஜலஜா தன் வாழ்நாளில் கேட்டதில்லை. மறுமுனையில் மெதுவாக, யாரோ கவனமாக வைப்பது போல், போனை வைத்தார்கள்.

அன்று தண்ணீர் தெருக்கோடி மதிலோடு நின்றுவிட்டது. குப்பத்தில் எல்லோரும் முன்கூட்டியே மேட்டுக்கு வந்திருந்தார்கள். அதன் பிறகு ஜலஜா அந்த வீட்டில் பல வருஷம் இருந்தாள். எத்தனையோ மழை பெய்தது. எத்தனையோ முறை எச்சரிக்கை போன் வந்தது. அதற்கடுத்த இரண்டாவது போன் வரவே இல்லை.

ஆனால் அந்த வாரமே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மழை விட்டதும் தெருவில் பழுதான லைன்களைச் சரிபார்க்க லைன்மேன் வந்தான். கம்பத்தில் ஏறியவன் பத்ரிநாராயணன் வீட்டை மட்டும் விட்டுவிட்டு இறங்கினான்.

"அந்த வீட்டைப் பாக்கலியா?" என்று ஜலஜா கேட்டாள்.

"அதுல இன்னாம்மா கீது பாக்க? பெரியவரு போனே வேணாம்னு எய்திக் குட்த்துட்டு, வூட்டப் பூட்டிக்கினு தி.நகர் புள்ள வூட்டுக்குப் போய் பதினஞ்சி நாளாவுது. ஏரி சேதியகூட மொத வூட்டுக்காரராண்ட ஒப்பட்ச்சிட்டாராம். நான்தான் வந்து பொட்டிய கய்ட்டினேன். ஒயரையும் வெட்டி சுத்தி எட்த்துக்கினு போய்ட்டேன். தோ பாரு."

ஜலஜா நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒயர் போயிருந்தது. அந்த வீட்டுக்கு மட்டும் இல்லை.

"நாலு நாள் முன்னாடி அந்த நம்பருக்குப் பண்ணேனே. மணி அடிச்சுது. ஒரு பொண்ணு எடுத்தா."

லைன்மேன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்டுப்பட்ட ஒயர் இருந்த இடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

"எட்த்து... இன்னா சொன்னாங்கோ?"

"திட்டினா," என்றாள் ஜலஜா.